பிடிக்காதவரின் அந்த ஒரு பாட்டு

கோலாலம்பூரில் நாலு தமிழர் உட்கார்ந்து பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் கட்சி பிரிந்துவிடும். இளையராஜாவா, ரஹ்மானா? இளவட்டம் என்றால் அனிருத்தா, சந்தோஷ் நாராயணனா? பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையிலும் இதே கதைதான், கிள்ளானில் கல்யாண விருந்து மேசையிலும் இதே கதைதான். ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்காரரின் எல்லாப் பாட்டையும் தாங்கிப் பேச வேண்டும். எதிர்ப்பக்கத்துக்காரரின் எதையும் மெச்சக்கூடாது. "அவர் இசை எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த ஒரு பாட்டு என்றால் உயிர்" என்று யாராவது சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

இந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு கொள்கையே இருக்கிறது. இசை தெரிந்தவர்கள்கூட அதை நம்பிச் சொல்கிறார்கள். ஓர் இசையமைப்பாளரை ஏற்பதென்றால் முழுதாக ஏற்க வேண்டும், விடுவதென்றால் முழுதாக விட வேண்டும். நடுவில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுப்பது மேலோட்டமான ரசனை. பிடிக்காதவரிடமிருந்து நல்ல பாட்டு வந்தால் அது குருட்டாம்போக்கில் அமைந்தது, அல்லது பாடியவரின் புண்ணியம், அல்லது அந்த வயதின் நினைவு செய்யும் மயக்கம். இதுதான் அவர்கள் வாதம். இதை நான் அடியோடு மறுக்கிறேன். ஒரு ரசிகனின் காது எவ்வளவு நேர்மையானது என்று தெரிய வேண்டுமானால், அவனுக்குப் பிடிக்காதவர்களின் எந்தப் பாட்டு அவனுக்குப் பிடிக்கிறது என்று கேட்டால் போதும்.

முதலில் இந்தக் கட்சிகளின் யோக்கியதையைப் பார்ப்போம். நம் அப்பாக்கள் காலத்தில் கட்சி வேறு. எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தமிழ்நாட்டில் நின்றது போலவே மலாயாவிலும் நின்றார்கள். எம்.ஜி.ஆர். ரசிகர் வீட்டில் சிவாஜி படப் பாட்டு ஒலித்தால் வானொலியின் காதைத் திருகுவார்கள். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பாடியவர் அதே டி.எம். சௌந்தரராஜன். மெட்டுப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே விஸ்வநாதன்-ராமமூர்த்தி, அவர்கள் 1965இல் பிரிந்த பிறகு அதே எம்.எஸ். விஸ்வநாதன். எழுதியவர்கள் அதே கண்ணதாசன், அதே வாலி. காலையில் ஒரு நடிகருக்கும் மாலையில் மற்றவருக்கும் வாசித்த அதே வயலின்கள், அதே தபலா. காதுக்கு எட்டும் எதிலும் கட்சி கிடையாது. திரையில் வாயசைத்த முகத்தில்தான் கட்சி இருந்தது. அந்த முகத்துக்காகப் பாதிப் பாட்டுகளைக் கேட்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. இன்று அதை நினைத்தால் நமக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் முகத்துக்குப் பதில் இசையமைப்பாளரின் பெயரை வைத்துக்கொண்டு நாம் செய்வதும் அதுவே.

ராஜா, ரஹ்மான் என்று கோடு கிழிப்பவர்களுக்கு நம் நாட்டின் பெயரைத் தன் பெயரில் சுமந்த ஒருவரை நினைவூட்டுகிறேன். மலேசியா வாசுதேவன் 1977இல் '16 வயதினிலே' படத்தில் ராஜாவுக்குப் பாடி எழுந்தவர். பதினாறு ஆண்டு கழித்து, 1993இல், 'கிழக்குச் சீமையிலே' படத்துக்காக ரஹ்மானிடம் பாடினார். இரண்டும் பாரதிராஜா படங்கள், இரண்டும் கிராமம். அதே தொண்டை, அதே மண், அதே இயக்குநர். மெட்டுப் போட்டவர் மட்டும் மாறினார். முதல் பாட்டை மதித்து இரண்டாவதைத் தள்ள வேண்டும் என்று எந்தக் காது சொல்லும்? காது சொல்லாது. கட்சிதான் சொல்லும். ரஹ்மானே இளமையில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அங்கே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தவர்களை இங்கே நாம் எதிரெதிரே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நாம் எப்போதும் இப்படிக் கேட்டவர்கள் அல்லர். மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு, இன்றைய மின்னல் எஃப்.எம்., தலைமுறை தலைமுறையாக நமக்குப் பாட்டைத் தனித்தனியாகத்தான் கொடுத்தது. நேயர் விருப்பத்தில் ஒரு பழைய பாட்டு, அடுத்து அதற்கு முப்பது ஆண்டு இளையது, அதற்கடுத்து ஒரு பக்திப் பாட்டு. கேட்டவர்கள் "என்ன படம்?" என்றுதான் கேட்டார்கள். பிறகு கேசட் காலம் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. ஒரு தாளில் நமக்கு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிவு செய்து தருவார். 90 நிமிடக் கேசட்டில் 20 பாட்டு அடங்கும். அந்தத் தாள்கள் சிலவற்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். என் அக்காவின் கையெழுத்தில் இருக்கும் ஒன்றில் எம்.எஸ்.வி.க்குக் கீழே சங்கர்-கணேஷ், அதற்குக் கீழே ராஜா, அதற்குக் கீழே டி. ராஜேந்தர், பிறகு மறுபடி எம்.எஸ்.வி. இசையமைப்பாளர் பெயர் ஒன்றுகூடத் தாளில் இல்லை. பாட்டின் முதல் இரண்டு சொல்லும் படத்தின் பெயரும் மட்டுந்தான். எந்தக் கட்சியும் ஒப்புக்கொள்ளாத பட்டியல் அது. ஒவ்வொரு வரியும் காதால் தேர்ந்தெடுத்தது. கேசட்டில் இடம் குறைவு, காசும் குறைவு. அதனால் பெயருக்காக ஒரு பாட்டை உள்ளே விட யாருக்கும் மனம் வராது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். எனக்கு ஹாரிஸ் ஜெயராஜின் இசை பிடிக்காது. பிடிக்காது என்றால் அரைகுறையாக அல்ல; இருபது ஆண்டுக்கு மேலாகக் கேட்டுத்தான் சொல்கிறேன். ஒலி வழவழவென்று இருக்கும், குற்றம் சொல்ல முடியாது; ஆனால் ஒரு படத்துப் பாட்டை எடுத்து இன்னொரு படத்தில் வைத்தால் இரண்டு படத்துக்கும் ஒன்றும் ஆகாது. பொருளில்லாத அசைகளை அடுக்கிப் பல்லவிக்குக் கொக்கி மாட்டும் பழக்கம் எனக்கு ஒட்டவில்லை. குரலைக் கருவிகளுக்குள் மூழ்கடிக்கும் பழக்கமும் ஒட்டவில்லை. இது என் தீர்ப்பு. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆனாலும் 2001இல் 'மின்னலே' படத்தில் வந்த 'வசீகரா', தமிழ்த் திரைப்பாட்டில் எனக்கு மிகவும் நெருக்கமான சில பாட்டுகளில் ஒன்று. அது அவர் இசையமைத்து வெளிவந்த முதல் படம். பாடியவர் கர்நாடகக் கச்சேரி மேடையைச் சேர்ந்த பாம்பே ஜெயஸ்ரீ. எழுதியவர் தாமரை.

அந்தப் பாட்டில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். காதல் பாட்டு என்றால் பெண் குரலை உச்சத்துக்கு ஏற்றுவது அன்றைய வழக்கம். இங்கே குரல் கீழேயே தொடங்குகிறது. பாடகி குரலைத் தள்ளவே இல்லை. பக்கத்தில் தூங்குபவரை எழுப்பாமல் பேசும் அளவுக்குத்தான் சத்தம். அவருக்கு இருக்கும் கர்நாடகப் பயிற்சிக்கு வேண்டிய இடத்திலெல்லாம் கமகம் போட்டிருக்கலாம், போடவில்லை. சொல் முடியும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான். வரிகளில் தாமரை கொண்டுவந்தவை மழை, குளிர்காய்ச்சல், இரண்டு பேருக்கு ஒரே போர்வை, குளித்துவிட்டு வருபவன் தலை துவட்டத் தேடும் சேலை முனை. ஒரு பெண் தன் ஆசையைச் சொல்ல நிலவையும் நட்சத்திரத்தையும் கூப்பிடாமல் வீட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் கண்டெடுக்கிறாள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை தவறாமல் கொட்டும் மழையில், பெடரல் நெடுஞ்சாலையில் வண்டி நகராமல் நிற்கும்போது இந்தப் பாட்டு வானொலியில் வந்தால் எனக்கு அவசரம் போய்விடும்.

உடனே எதிர்த்தரப்பு சொல்லும்: "பார்த்தாயா, நீ விரும்புவது தாமரையை, ஜெயஸ்ரீயை. ஹாரிஸுக்கு இதில் என்ன பங்கு?" இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அதே மெட்டு, அதே ஆண்டு, அதே பாம்பே ஜெயஸ்ரீயின் குரலில் இந்தியில் 'ஜரா ஜரா' என்று வந்தது. கேட்டிருக்கிறேன். அங்கேயும் மழை உண்டு, ஆனால் அது என்னைக் கட்டிப்போடவில்லை. ஆக, வரிகளின் பங்கு பெரிது. ஆனால் அந்த வரிகள் அவ்வளவு தாழ்ந்த குரலில் சொல்லப்பட இடம் கொடுத்த மெட்டு யாருடையது? மேடையில் கம்பீரமாக மேல் ஸ்தாயியில் நிற்கக்கூடிய ஒரு குரலைக் கீழேயே நிறுத்தி வைத்தது யார்? அந்த முடிவு அவருடையது. அது அபாரமான முடிவு. பின்னால் வந்த எத்தனையோ பாட்டுகளில் அவர் அப்படி முடிவெடுக்கவில்லை என்பதால், எடுத்த ஒரு முறையை நான் அவரிடமிருந்து பிடுங்க முடியாது.

இன்னும் கவனித்தால் இந்த வாதம் கட்சிக்காரர்கள் காலையே வாருகிறது. நல்ல பாட்டுக்குப் புலவரும் பாடகரும் காரணம் என்றால், உங்கள் தலைவரின் நல்ல பாட்டுகளுக்கும் அதே கணக்குத்தானே? திரைப்பாட்டு ஆறேழு பேர் கைப்பட்டு உருவாகிறது. சூழலைச் சொல்லும் இயக்குநர், மெட்டு, வரி, குரல், வாசிப்பவர்கள், ஒலிப்பதிவாளர். இவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் மாறுகிறார்கள். அப்படியிருக்க ஒருவரின் ஆயிரம் பாட்டையும் ஒரே தராசுத் தட்டில் கொட்டி நிறுப்பது எந்த ஊர் நியாயம்?

குருட்டாம்போக்கு என்ற வாதத்துக்கு வருவோம். பிடிக்காதவரின் நல்ல பாட்டு தற்செயல் என்கிறார்கள். ஆனால் இங்கே தற்செயல் எந்தப் பக்கம் இருக்கிறது? எனக்குப் பிடித்த ராஜாவின் புதுப் பாட்டு ஒன்று வந்தால் பாதி வேலையை அவர் பெயரே முடித்துவிடுகிறது. முதல் தடவை சரியாக இல்லையென்றால் இரண்டாவது தடவை கேட்கிறேன். மூன்றாவது தடவை நானே நயம் தேடுகிறேன். பத்தாவது தடவை பழகிப்போய்ப் பிடித்துவிடுகிறது. பிடித்தது பாட்டினாலா, பெயரினாலா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. பிடிக்காதவரின் பாட்டுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அது வரும்போதே நான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அதையும் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தால், அது தன் பலத்தால் மட்டுமே வந்தது. என் ரசனையில் எந்தப் பகுதி கலப்படமில்லாதது என்று கேட்டால், இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

"அப்படி ஒரு பாட்டு இவ்வளவு பிடித்தால் ஆளைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தம்பி என்னிடம் நேராகவே கேட்டான்: "என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?" மாறவில்லை, மாற வேண்டியதும் இல்லை. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்பது அந்த ஒரு பாட்டைப் பற்றிய உண்மை. மற்றவை சலிப்பூட்டுகின்றன என்பது மற்றவற்றைப் பற்றிய உண்மை. ஒன்று மற்றொன்றை விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே இளமையில் இசைமேதை வாக்னரின் நெருங்கிய நண்பராக இருந்தவர், பிறகு அவரை வெறுத்துப் பிரிந்தவர். வாக்னரின் கடைசி இசை நாடகமான 'பார்சிஃபால்' அவருக்குச் சுத்தமாக ஆகாது. ஆனால் 1887 தொடக்கத்தில் மான்டி கார்லோவில் அதன் முன்னிசையைக் கேட்டுவிட்டு, வாக்னர் இதைவிட நன்றாக எப்போதாவது எழுதியிருக்கிறாரா என்று வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டே வாக்னரைக் கடுமையாகத் தாக்கும் நூலையும் வெளியிட்டார். கடிதத்துக்காக நூலை நிறுத்தவில்லை. நூல் எழுதப் போகிறோமே என்று கடிதத்தில் கஞ்சத்தனம் காட்டவும் இல்லை. இரண்டையும் அவர் மனதாரச் சொன்னார். நம் ஊரில் இருந்திருந்தால் இரண்டு கட்சியும் அவரைத் துரத்தியிருக்கும்.

ஒருவரின் படைப்பை முழுதாகத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு பாட்டும் கூடுதலாகத் திறக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ராஜாவின் ஆரம்பப் படங்களைத் தெரியாதவருக்கு அவருடைய பிற்காலத் துணிச்சல் பாதிதான் புரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, விசுவாசம் வைப்பது வேறு. ஹாரிஸை இத்தனை ஆண்டு கேட்டதால்தான் 'வசீகரா' அவரிடம் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரிகிறது. விசுவாசம் வைத்திருந்தால் அந்த அபூர்வம் தெரிந்திருக்காது; பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

கைப்பேசிச் செயலிகள் வந்து இந்த நோயை முற்ற வைத்துவிட்டன. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்குப் போவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு முன்பே, 2013இல், மலேசியாவுக்கு வந்துவிட்டது. ஒரு பாட்டை விரும்பிக் கேட்டால் அதே ஆளின் இன்னும் ஐம்பதைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பாட்டை விரும்பியவனை ஆளுக்கு ஆளாக்குவதுதான் அதன் வியாபாரம்.

இனி கனமான மறுப்பு ஒன்று. "இசை பிடிக்காமல் போனால் பரவாயில்லை. ஆளின் நடத்தையே பிடிக்காமல் போனால்?" 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தம் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. நாற்பது ஆண்டு நட்பு வீதிக்கு வந்ததே என்று நம் ஊரில் பலர் கொதித்தார்கள். இனி ராஜா பாட்டே கேட்க மாட்டேன் என்றவர்களை நான் நேரில் பார்த்தேன். அதைவிடப் பன்மடங்கு பாரமான குற்றச்சாட்டுகளும் கலை உலகில் எழுந்ததுண்டு. துன்பப்பட்டவர்களை நினைத்து ஒருவர் ஒரு பாட்டை நிறுத்திவிட்டால் அவரை நான் மதிக்கிறேன். அந்த முடிவை எடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. நான் எதிர்ப்பது அதற்கு அடுத்த படியை. நேற்றுவரை உருகிக் கேட்ட பாட்டை இன்று காலையிலிருந்து மட்டமான பாட்டு என்று சொல்வதை எதிர்க்கிறேன். ஒரு சுரம்கூட மாறவில்லை. நடத்தைக்குக் கோபப்பட வேண்டுமானால் நேராகக் கோபப்படலாம். அதற்குப் பாட்டின்மேல் பொய்ச்சாட்சி தேவையில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனாலும் இனி கேட்க மாட்டேன் என்று சொல்பவர் தான் இழப்பது என்ன என்று தெரிந்தே இழக்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு எடை இருக்கிறது.

இதையெல்லாம் இங்கே மலேசியாவில் உட்கார்ந்து இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மொத்தமாகக் கொள், மொத்தமாகத் தள் என்ற பழக்கம் தமிழ்நாட்டு ஜாம்பவான்களை ஒன்றும் செய்யாது. ஆயிரக்கணக்கில் பாட்டு வைத்திருப்பவருக்கு நாலு பேர் விலகினால் என்ன? அடி விழுவது நம் உள்ளூர்க் கலைஞர்கள் மேல்தான்.

உள்ளூர்ப் பாட்டு என்றாலே நம் வீடுகளில் இரண்டே பேச்சு. "எல்லாம் வெட்டு குத்து, சத்தம்" என்று ஒரு கூட்டம் கேட்காமலே தள்ளுகிறது. "நம் பிள்ளைகளை நாம்தான் தூக்கிவிட வேண்டும், குறை சொல்லாதே" என்று இன்னொரு கூட்டம் கேட்காமலே தூக்குகிறது. இரண்டு கூட்டமும் பாட்டைக் கேட்கவில்லை. ஸ்டுடியோ வாடகையைச் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டி, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு வெளியிடும் ஒருவருக்கு முப்பது வயதில் மொத்தம் பத்துப் பாட்டு இருந்தால் பெரிது. அதில் ஒன்று நல்ல பாட்டாக இருக்கலாம். முழு ஆளையும் ஏற்றால்தான் ரசிகன் என்ற விதியை வைத்தால் அந்த ஒன்றுக்கு வழியே இல்லை.

நடந்த கதையையே எடுப்போம். கோலாலம்பூரின் 'பொயட்டிக் அம்மோ' ராப் குழுவில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' இசைத்தட்டை வெளியிட்டார். அதில் வந்த 'மடை திறந்து', 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக ராஜா மெட்டமைத்து எஸ்.பி.பி. பாடிய பாட்டை அடித்தளமாகக் கொண்டது. ராஜா பக்தர்களுக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்திருக்க வேண்டும். தெய்வத்தின் பாட்டில் எவனோ ராப் பேசுகிறான். ராப் என்றால் காத தூரம் ஓடும் பெரியவர்கள் அவர்கள். ஆனால் நடந்தது வேறு. தீபாவளிச் சந்தைக் காலத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைக்குக் கடை ஒலிபெருக்கி வைத்து ஆளுக்கொரு பாட்டைப் போடுவார்கள். எதையும் முழுதாகக் கேட்க முடியாது. அந்தக் கூச்சலுக்குள் இந்தப் பாட்டு வந்தால், பட்டுப்புடவை பார்க்க வந்த அம்மாக்கள் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். ராஜாவின் அந்தப் பாய்ச்சல் கலையாமல் அடியில் ஓட, அதன் வேகத்துக்குத் தமிழ்ச் சொற்கள் மூச்சு விடாமல் இறங்கின. நம் ஊர் நாக்கில் தமிழ் இப்படியும் ஓடும் என்று அந்தப் பாட்டு காட்டியது. தமிழ்நாடும் கேட்டது. 2007இல் 'பொல்லாதவன்' படத்துக்காக ஜி.வி. பிரகாஷ்குமார், 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் வந்த எம்.எஸ்.வி.யின் பாட்டைப் புதுப்பித்தபோது யோகி பியின் குரலையும் சேர்த்துக்கொண்டார்.

யோகி பியின் மற்றப் பாட்டுகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ராப் என் காதுக்கு ஒத்துவரும் இசையும் அல்ல. இதைச் சொன்னால் உள்ளூர்க் கலையை ஆதரிக்காதவன் என்று ஒரு கூட்டம் கோபிக்கும். 'மடை திறந்து' எனக்கு உயிர் என்று சொன்னால் ராஜா ரசிகனாக இருந்துகொண்டு இதை எப்படிச் சகிக்கிறாய் என்று மறு கூட்டம் கோபிக்கும். இரண்டு கோபத்துக்கும் என் பதில் ஒன்றுதான்: பாட்டைப் போடுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம். எந்த இடத்தில் தாளம் இடறுகிறது, எந்தச் சொல் தேவையில்லை, எந்த நாலு அடி புல்லரிக்க வைக்கிறது என்று பேசுவோம்.

இப்போதும் மின்னலிலும் ராகா வானொலியிலும் உள்ளூர்ப் பாட்டுகள் வருகின்றன. பெயர் தெரியாத ஒரு பையனோ பெண்ணோ பாடுவார்கள். மூன்று பாட்டு வெளியிட்டிருப்பார்கள். அதில் இரண்டு தேறாது என்றால் மேடைக்குப் பின்னால் பார்க்கும்போது அவர்களிடமே முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தேவை. மூன்றாவது நெஞ்சைத் தொட்டால், அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி மறுபடி போடச் சொல்லி வானொலிக்கு அழையுங்கள். காசு கொடுத்து இறக்கிக்கொள்ள முடியுமானால் அதை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டுக்கும் நீங்கள் கடன்பட்டவர் அல்லர்.